புதுச்சட்டை போடறதுக்கு முன்னாடி...

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள். எதிர்வீட்டு அம்மாள் தன் நாலு வயதுப் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"கழுத்தைக் கொஞ்சம் பாருங்களேன். சிவப்பு சிவப்பா தடிச்சுக் கிடக்கு. ராத்திரி பூரா சொறிஞ்சுக்கிட்டே இருந்தா. பட்சணம் ஜாஸ்தி தின்னுட்டா, சூடு கிளம்பிடுச்சு போல!"

கழுத்தைச் சுற்றி ஒரு வளையம். அக்குளின் ஓரங்களில் தடிப்பு. இடுப்பில் எலாஸ்டிக் அழுத்திய இடத்தில் வரிவரியாகச் சிவப்பு. பட்சணம் தின்றால் இப்படி அளவெடுத்துத் தைத்த மாதிரியா தடிப்பு வரும்?

தோல் டாக்டர் குழந்தையைப் பார்த்தார். முதலில் மருந்து எதுவும் எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தீபாவளிக்கு என்ன டிரஸ் போட்டா?"

"கருநீலத்துல பாலியஸ்டர் கவுன் டாக்டர். மூணு நாளா கழட்டவே மாட்டேன்னுட்டா."

"துவைச்சுப் போட்டீங்களா?"

அம்மாளுக்கு ஆச்சரியம். "புதுத் துணியைப் போய் யாராவது துவைப்பாங்களா? மஞ்சள் வச்சு, சாமிகிட்ட வச்சு எடுத்துல்ல போட்டோம்!"

டாக்டர் சிரித்துவிட்டார். "மஞ்சளும் வையுங்கம்மா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லா அலசியும் வையுங்க."

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருக்கலாம். சாப்பாட்டில் என்ன கலப்படம் என்று துருவித் துருவிப் பார்க்கிற நாம், இருபத்துநாலு மணி நேரமும் உடம்பை ஒட்டிக்கொண்டே இருக்கும் துணியைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. கலர் பிடித்திருக்கிறதா, விலை கட்டுப்படியாகுமா, அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் சில இருக்கின்றன. அவற்றில் பாதி நம் தோலுக்காக. மீதிப் பாதி நமக்காக அந்தத் துணியைச் செய்துகொடுத்தவர்களுக்காக.

கடைக்கு வருமுன் துணி என்னென்ன குளியல் குளிக்கிறது?

தறியிலிருந்தோ பின்னல் மெஷினிலிருந்தோ வரும் துணிக்கு நாம் பார்க்கிற பளபளப்பு கிடையாது. மங்கலான பழுப்பு நிறம். இழைகளில் பஞ்சின் இயற்கையான மெழுகு, எண்ணெய்ப் பசை எல்லாம் இருக்கும். காரம் போட்டு வேகவைத்து இவற்றைப் போக்குவார்கள். பிறகு பிளீச்சிங். அப்புறம் சாயம். அதற்கும் பிறகு 'ஃபினிஷிங்'. துணி மெத்தென்று இருக்க ஒரு மருந்து, சுருங்காமல் இருக்க ஒரு மருந்து, கசங்காமல் இருக்க ஒரு மருந்து.

இந்த 'கசங்காத' சட்டைதான் கொஞ்சம் கவனிக்க வேண்டிய ஆசாமி. 'இஸ்திரி வேண்டாம்' என்று விற்கும் பருத்திச் சட்டைகள் பலவற்றில் ஒரு வகைப் பிசின் ஏற்றியிருப்பார்கள். அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் சிறிது சிறிதாக வெளியேறும். புதுத் துணிப் பொட்டலத்தைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் நெடிக்குச் சில சமயம் இதுவும் ஒரு காரணம். எல்லோருக்கும் இது ஒன்றும் செய்யாது. ஒத்துக்கொள்ளாத தோலுக்கு அரிப்பும் சிவப்பும் வரும். ஐரோப்பிய நாடுகளில், தோலில் படும் துணியில் இது கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2020 நவம்பர் முதல் சட்டமே அமலில் இருக்கிறது. ஜப்பானில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடை என்றால் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த ரசாயனம் தண்ணீரில் கரையும். ஒரு முறை நன்றாக அலசினாலே மேலோட்டமாக இருப்பதில் பெரும்பகுதி போய்விடும். டாக்டர் "அலசிப் போடுங்க" என்று சொன்னதன் ரகசியம் இதுதான்.

கருநீலம் ஏன் கடித்தது?

எதிர்வீட்டுக் குழந்தையின் கவுன் பாலியஸ்டர். பாலியஸ்டர், நைலான் போன்ற செயற்கை இழைகளில் ஏற்றுவது 'டிஸ்பர்ஸ்' சாயங்கள். பருத்தியில் போடும் சாயம் இழையோடு கை கோத்துக்கொள்ளும். டிஸ்பர்ஸ் சாயமோ இழைக்குள் போய் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். சரியாக ஏற்றப்படாத துணியில் வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் கொஞ்சம் வெளியே வந்து தோலில் இறங்கும். உடை அலர்ஜியில் டாக்டர்கள் அடிக்கடி சந்தேகப்படுவது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சில நீலச் சாயங்களைத்தான். கருநீலம், கறுப்பு, அடர் பச்சை, அடர் பழுப்பு எல்லாவற்றிலும் இவை கலந்திருக்கலாம்.

இந்த அலர்ஜிக்கு ஓர் அடையாளம் உண்டு. துணி எங்கே இறுக்கிப் பிடிக்கிறதோ, எங்கே வியர்க்கிறதோ, அங்கேதான் தடிப்பு வரும். கழுத்துப்பட்டி, அக்குளின் ஓரம், முழங்கை மடிப்பு, இடுப்பு, தொடையின் உள்பக்கம், முழங்காலின் பின்பக்கம். அக்குளின் நடுக்குழி மட்டும் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், அங்கே துணி அவ்வளவாக உரசுவதில்லையே! தொப்புளுக்குக் கீழே மட்டும் வட்டமாக அரிப்பா? அது சாயம் இல்லை. ஜீன்ஸ் பட்டனிலோ பெல்ட் பக்கிளிலோ இருக்கும் நிக்கல் உலோகமாக இருக்கலாம்.

இன்னொன்று. துணி போட்ட உடனே அரிக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரும். அதனால்தான் நாம் பழியைப் பட்சணத்தின் மேல் போட்டுவிடுகிறோம்!

அலர்ஜி ஒருமுறை உறுதியாகிவிட்டால், எத்தனை முறை துவைத்தாலும் அந்தத் துணி அந்த உடம்புக்கு ஆகாது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்கிவிட வேண்டியதுதான். எந்தச் சாயம் என்று தெரிந்துகொள்ள 'பேட்ச் டெஸ்ட்' இருக்கிறது. சந்தேகப்படும் பொருட்களை முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளாக ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு இன்னொரு முறையும் பார்ப்பார்கள். வலி இல்லாத பரிசோதனைதான்.

தயவுசெய்து ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மருந்துக் கடையில் "படைக்குப் போடற க்ரீம் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குழந்தைக்குத் தடவாதீர்கள். அப்படிக் கிடைப்பவற்றில் பல, வீரியமான ஸ்டீராய்டு கலந்தவை. முதல் நாள் அரிப்பு அடங்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, பிரச்னை இரண்டு மடங்காகும்.

"சாயத்தால் கேன்சர் வருமாமே?"

இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பயப்படாமல், நிதானமாகப் பார்ப்போம்.

'அசோ' சாயங்கள் என்று ஒரு பெரிய குடும்பம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு, கறுப்பு என்று ஏகப்பட்ட நிறங்கள் அதில் அடக்கம். அந்தக் குடும்பத்தில் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. சில சாயங்கள் மட்டும் உடைந்தால் பென்சிடின் போன்ற 'அமீன்'களை வெளிவிடும். பென்சிடின் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமான விஷயம்.

இதற்கான முதல் துப்பு கிடைத்தது சாயத் தொழிற்சாலையில். 1895-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், தன்னிடம் சிறுநீர்ப்பைக் கட்டியோடு வந்தவர்கள் ஒரே மாதிரித் தொழில் செய்பவர்களாக இருப்பதைக் கவனித்தார். எல்லோரும் சாயம் தயாரிக்கும் ஆலைத் தொழிலாளர்கள். பிறகு நடந்த ஆராய்ச்சிகள் அவர் சந்தேகம் சரிதான் என்று காட்டின.

இந்த வகைச் சாயங்களுக்கு 1990-களில் ஜெர்மனி தடை போட்டது. நம் நாட்டு ஏற்றுமதியாளர்கள் அப்போது பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1997-ல் மத்திய அரசும் 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. எனவே ஒழுங்கான கம்பெனித் துணியில் இவை இருக்கக்கூடாது. உடுத்துகிற நமக்கு ஆபத்து மிக மிகக் குறைவு. சாயப்பொடியை மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டு, அதன் தூசியை மூச்சில் இழுத்து, வெறுங்கையால் கலக்கும் தொழிலாளிக்குத்தான் எப்போதும் முதல் அடி.

அதாவது, துணியால் வரும் தீமை நம் வீட்டுக்கு வந்து சேர்வது கடைசித் துளி. முதல் குடம் வேறு எங்கோ கொட்டிவிட்டுத்தான் வருகிறது. அந்த 'வேறு எங்கோ' தூரதேசம் இல்லை. நம்ம திருப்பூர்தான்.

உப்பு தின்ற ஆறு

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை வழியாகத் திருப்பூரைத் தொட்டு, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது நொய்யல். அந்த நொய்யலின் கரையில்தான் உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் ஊர் வளர்ந்தது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது, போட்டுக்கொண்டும் இருக்கிறது. அதை மறக்கக்கூடாது. ஆனால் ஆறு கொடுத்த விலையையும் மறக்கக்கூடாது.

என்ன நடந்தது என்று புரிய, சாயத் தொட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பருத்தியில் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். ஆமாம், உப்புதான்! பருத்தி இழையும் சாயமும் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிவிடும். உப்பைக் கொட்டினால்தான் சாயம் இழைப் பக்கம் போகும். அடர் நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு வரை கூடத் தேவைப்படும். பிறகு சோடா உப்பு போட்டுச் சாயத்தை இழையோடு பிணைப்பார்கள். அப்படியும் போட்ட சாயம் முழுதும் துணியில் ஏறுவதில்லை. நூற்றுக்குப் பத்திலிருந்து நாற்பது பங்கு வரை தண்ணீரோடு போய்விடும். கொட்டிய உப்பு? அது ஒரு கிராம் கூடத் துணியில் தங்காது. மொத்தமும் கழிவுநீரில்தான்.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்வது போல நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைத் தின்ன வைக்கலாம். சுண்ணாம்பு போட்டு நிறத்தையும் ஓரளவு எடுக்கலாம். உப்பை மட்டும் எந்த நுண்ணுயிரும் தின்னாது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீர், நாக்கில் வைத்தால் கரிக்கும். வயலுக்குப் பாய்ச்சினால் மண் செத்துப்போகும்.

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டி, 1992-ல் திறந்தார்கள். பாசனம் தருவதற்காகக் கட்டிய அணை. நடந்தது என்ன? மேலே இருந்து வந்த சாயக்கழிவெல்லாம் அங்கே வந்து தேங்கியது. சில வருடங்களிலேயே, "எங்களுக்குத் தண்ணீர் விடுங்கள்" என்று கேட்க வேண்டிய விவசாயிகள், "ஐயா, அந்தத் தண்ணீரை எங்கள் பக்கம் விட்டுடாதீங்க" என்று கெஞ்சும் நிலை வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாகிப் போயின. அணை இருந்தும் தண்ணீரை வெறுத்த ஊர்கள் அவை.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு செய்யாத சாயப்பட்டறைகள், சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லிவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே அடியில் மூடிக் கிடந்தன. வேலை போனவர்கள் கதறினார்கள். அது ஒரு பக்கம் நியாயம். கிணறு போனவர்கள் பெருமூச்சு விட்டார்கள். இதுவும் ஒரு பக்கம் நியாயம்.

பிறகு பட்டறைகள் படிப்படியாகத் திரும்ப இயங்கின, புது ஏற்பாட்டோடு. கழிவுநீரை மெல்லிய சவ்வு வழியே அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். நம் வீட்டு 'ஆர்.ஓ.' மெஷினின் பெரியண்ணன்தான் இது! மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்க வைத்து வற்றடித்து உப்பையும் மீட்கிறார்கள். இதற்கு மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாகச் செலவாகிறது. கடைசியில் தங்கும் சேற்றை எங்கே கொண்டு வைப்பது என்பது இன்றும் தலைவலி.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒழுங்காகக் கழிவைச் சுத்தம் செய்பவருக்கு அடக்கவிலை கூடும். திருட்டுத்தனமாக ராத்திரியில் வாய்க்காலில் திறந்து விடுபவருக்கு அடக்கவிலை குறையும். நாம் எதை வாங்குகிறோம்? "அங்கே இருபது ரூபா குறைச்சலா கிடைக்குதே!" என்கிறோம். அந்த இருபது ரூபாயை யாரோ ஒரு விவசாயியின் கிணறு கட்டியிருக்கலாம்.

தைத்த கைகள்

ஆற்றுக்கு வாய் கிடையாது. மனுஷர்களுக்கு உண்டு. ஆனாலும் கேட்பார் இல்லை.

பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வாரவிடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும், மூச்சு இரைக்கும். வாரக் கடைசியில் சற்றுத் தேவலாம். மறுபடி திங்கட்கிழமை அதே கதை. இது சோம்பேறித்தனம் இல்லை. பஞ்சுத் தூசியால் வரும் 'பிஸினோசிஸ்' என்ற நுரையீரல் நோய். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

புது ஜீன்ஸைப் பழசு மாதிரி காட்டுவது ஒரு ஃபேஷன். அதற்காக மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துத் தேய்ப்பார்கள். துருக்கியில் இந்த வேலை செய்த இளைஞர்கள் சில வருடங்களிலேயே 'சிலிகோசிஸ்' வந்து, நுரையீரல் கல்லாகிச் செத்துப்போனார்கள். சுரங்கத் தொழிலாளிக்கு வரும் நோய் அது! 2009-ல் துருக்கி அரசு அந்த முறையைத் தடை செய்தது. நம் வீட்டுப் பையன் முட்டியில் வெளுத்த ஜீன்ஸ் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வாங்கிக் கொடுங்கள்.

2013 ஏப்ரல் 24. வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா ப்ளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. முந்தின நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. மேல்மாடிகளில் இருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். ஆர்டர் அவசரம்! ஆயிரத்து நூறுக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது மேல்நாட்டுக் கடைகளில் மலிவு விலையில் தொங்கப்போகிற சட்டைகள்.

நம் ஊரிலும் 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்களகரமான பெயரில் ஒரு வழக்கம் இருந்தது. ஏழைப் பெண்களை மூன்று வருடம் ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவது, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்வது. நடுவில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் பணத்தையும் விட்டுவிட்டு வர வேண்டிய நிலை பலருக்கு. கெட்டதை மட்டும் சொல்லி முடிக்க வேண்டாம். 2022-ல் திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு தொழிலாளர் சங்கம், பெண்களை முன்னின்று நடத்தும் சங்கம், ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு நிறுவனங்களோடும் ஓர் ஒப்பந்தம் போட்டது. வேலையிடத்தில் பெண்களிடம் அத்துமீறினால் புகார் சொல்லவும், புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் இருக்கவும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே அதற்குப் பெயர். கேட்டால் நடக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

சரி, நாம் என்ன செய்யலாம்?

நாம் ஒரு சட்டையை மாற்றி வாங்கியதால் நொய்யல் சுத்தமாகிவிடாது. அதற்குச் சட்டமும் கண்காணிப்பும் வேண்டும். ஆனால் நம் வீட்டுப் பீரோவுக்குள் நாம்தான் அரசாங்கம்! அங்கே செய்யக்கூடியவை இவை:

● முதலில் அலசுங்கள். உள்ளாடை, பனியன், படுக்கை விரிப்பு, பள்ளிச் சீருடை, குழந்தைத் துணி எதுவானாலும் ஒருமுறை துவைத்து நிழலில் உலர்த்திய பிறகே உடுத்துங்கள். பட்டுப்புடவைக்கு இது பொருந்தாது. அதற்குப் பருத்தி உள்பாவாடையும் ரவிக்கைக்குப் பருத்தி லைனிங்கும் போதும்.

● வெள்ளைக் கைக்குட்டை சோதனை. நனைத்த வெள்ளைத் துணியால் உடையின் உள்பக்கத் தையல் ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். நிறம் தாராளமாக ஒட்டினால், உங்கள் வியர்வையிலும் அது இறங்கும். சாயம் போவதெல்லாம் விஷம் என்று அர்த்தமில்லை. ஆனால் சரியாக அலசாமல் அவசரத்தில் அனுப்பிய துணி என்று அர்த்தம்.

● கைக்குழந்தைக்குப் பழசே புதுசு. பிறந்த குழந்தையைத் தாத்தாவின் பழைய வேட்டியிலும் பாட்டியின் நைந்த நூல்புடவையிலும் சுற்றிப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதற்கு எந்த டாக்டரும் கை தட்டுவார். ஐம்பது தடவை துவைத்த பருத்தியில் பசையும் இல்லை, மிச்சச் சாயமும் இல்லை. அதை வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

● அந்துருண்டை ஜாக்கிரதை! அந்தப் பழைய துணியை நாப்தலீன் உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே சுற்றிவிடக்கூடாது. 'ஜி6பிடி' என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, அந்த வாசனையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் அந்த உருண்டையே வேண்டாம். வெயிலில் நன்றாகக் காயவைத்து, உலர்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் முடிந்து போடுங்கள்.

● லேபிளைப் படியுங்கள். 'ஓகோ-டெக்ஸ் 100' என்ற முத்திரை, துணியைச் சோதித்துக் கெடுதலான ரசாயன மிச்சம் அளவுக்கு மீறவில்லை என்று சொல்கிறது. தைத்தவருக்கு என்ன கூலி கிடைத்தது என்று சொல்வதில்லை. 'ஜி.ஓ.டி.எஸ்.' முத்திரை இருந்தால், குறைந்தது 70 சதவிகிதம் இயற்கை முறையில் விளைந்த இழை, சாயத்துக்கும் கழிவுநீருக்கும் நிபந்தனை, தொழிலாளர் நலத்துக்கும் நிபந்தனை என்று அர்த்தம். வெறுமனே 'ஆர்கானிக்', 'ஈகோ' என்று பச்சை இலை படம் போட்டிருந்தால் அது அச்சடித்தவர் சொல், அவ்வளவுதான். கைத்தறிக்கு 2006-லிருந்து 'கைத்தறி முத்திரை' இருக்கிறது. தறியில் நெய்ததற்கு அது சாட்சி, சாயத்துக்கு அல்ல.

● 'இயற்கைச் சாயம்' என்றால் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். அவுரி, மஞ்சிட்டி, கடுக்காய் எல்லாம் அருமையானவை. ஆனால் நிறம் பிடிக்க அவற்றோடு சேர்ப்பது படிகாரமா, மயில்துத்தமா என்று கேளுங்கள். படிகாரம் நல்லது. துத்தம் அதிகமானால் ஆற்றுக்கும் ஆகாது.

● குறைத்து வாங்கி நீடித்து உடுத்துங்கள். கால் கிலோ எடையுள்ள ஒரு பருத்திச் சட்டைக்கு, செடி விளைவதிலிருந்து கணக்குப் போட்டால், உலக சராசரியாக ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஒரு வருடம் உடுத்திக் கழிப்பதை இரண்டு வருடம் உடுத்தினால், ஒரு சட்டைக்கான தண்ணீர் மிச்சம். தெருமுனைத் தையல்காரரிடம் ஓரம் மடித்து, பிரித்துத் தைத்து, பட்டன் போட்டு வாங்குவது கௌரவக் குறைச்சல் இல்லை. அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதும் அப்படித்தான்.

கேட்டால் சொல்கிறோம்!

*"புதுத் துணியை உப்புத் தண்ணியில ஊறவச்சா சாயம் நிக்கும்னு எங்க மாமியார் சொல்றாங்களே?"*

மாமியாரோடு சண்டை வேண்டாம்! பட்டறையில் சாயம் ஏற்றும்போதுதான் உப்புக்கு வேலை. கடைக்கு வந்துவிட்ட துணியில், ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தை உப்பு ஒட்ட வைப்பதில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் வெளியேறாமல் பிடித்து வைக்கும். அடுத்த அலசலில் அது வரத்தான் செய்யும். மிச்சச் சாயம் போய்விடுவதே தோலுக்கு நல்லது. முதல் இரண்டு தடவை தனியாகத் துவையுங்கள், போதும்.

*"வேர்க்குருவா, துணி அலர்ஜியா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?"*

வேர்க்குரு சின்னச் சின்னக் குருவாக, வெயில் வேளையில் வந்து, குளித்து விசிறினால் அடங்கும். துணி அலர்ஜி, துணி உரசும் இடத்தில் பட்டையாகத் தடித்து, உடையைக் கழற்றிய பிறகும் சில நாள் இருக்கும். அதே உடையை மறுபடி போட்டால் மறுபடி வரும். சந்தேகம் இருந்தால் அந்த உடையையே டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.

*"பாலியஸ்டரே கூடாதா?"*

அப்படி இல்லை. சீக்கிரம் காயும், நீண்ட நாள் உழைக்கும். மழைக்கோட்டுக்கும் பைக்கும் நல்லது. ஆனால் நம் ஊர் வெயிலுக்கு உடம்பை ஒட்டிப் போடப் பருத்திதான் சுகம். துவைக்கும்போது பாலியஸ்டரிலிருந்து உதிரும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் ஆறு, கடல் வரை போய்ச் சேர்கின்றன என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பத்து நாளில் தோல் பழையபடி ஆகிவிட்டது. கருநீலக் கவுன் இப்போது ஆணியில் தொங்கும் அலங்காரப் பொருள். பொங்கலுக்கு அம்மாள் பேத்திக்கு ஒரு மஞ்சள் பருத்திப் பாவாடை எடுத்தார். இரண்டு நாள் முன்னதாகவே துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார். "இதை எங்க, யாரு செஞ்சாங்கன்னு கடைக்காரரைக் கேட்டேன். அவருக்குத் தெரியலை. அடுத்த தடவை விசாரிச்சு வைக்கறேன்னார்" என்றார்.

பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். மொத்த வியாபாரி கம்பெனியைக் கேட்பார். நீங்கள் அடுத்த தடவை துணி எடுக்கப் போகும்போது ஞாபகமாகக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஞாபகமாக அலசுங்கள்.

மஞ்சள் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்!